நான்கு ராமானுஜன்கள்

ஒரே பெயர், தத்துவம், கணிதம், மீண்டும் கணிதம், கவிதை என்று நான்கு வாழ்க்கைகள். அவர்களில் இருவரைக் கொண்டாடுகிறோம். மற்ற இருவரை?

'ராமானுஜன் பரிசு' என்ற பெயரில் உலகில் ஒன்றுக்கு மேற்பட்ட விருதுகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் கும்பகோணத்தில் டிசம்பர் மாதத்தில் வழங்கிவருகிறது. 32 வயதைத் தாண்டாத கணித மேதைகளுக்கான பரிசு அது. மஞ்சுள் பார்கவா, டெரன்ஸ் டாவ், அக்‌ஷய் வெங்கடேஷ், மரீனா வியாசோவ்ஸ்கா எனக் கணிதத்தின் உச்ச விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பலர் இந்தப் பரிசையும் பெற்றவர்கள். அமெரிக்காவில் இயங்கும் ஆசிய ஆய்வுகள் சங்கமும் ஒரு ராமானுஜன் பரிசு தருகிறது. அதைப் பெறுகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். தெற்காசிய மொழி ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சிறந்த நூலுக்கு உரியது அது.

முதல் பரிசு சீனிவாச ராமானுஜனின் பெயரால் அமைந்தது. இரண்டாவது ஏ.கே. ராமானுஜனின் பெயரால் அமைந்தது. முதலாமவர் கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் போனவர். இரண்டாமவர் மைசூரில் வளர்ந்து சிகாகோ போனவர். இருவருமே தமிழ் பேசிய வைணவக் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களோடு இன்னும் இருவரைச் சேர்த்தால்தான் கதை முழுமையாகும். ஒருவர், இந்தப் பெயருக்கே ஊற்றாக இருக்கிற ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர். மற்றவர், 36 வயதில் மறைந்த கணித மேதை சி.பி. ராமானுஜம்.

பெயர் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. தமிழ் வைணவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைக்கப்படும் பெயர் அது. தொழிற்சங்கத் தலைவராக வாழ்ந்து ஒடிசா ஆளுநரான ஜி. ராமானுஜம் வரை பொதுவாழ்விலும் பலர் அதைச் சுமந்திருக்கிறார்கள். ஆனால், ஒரு பெயரில் ஒருவர் பெரும்புகழ் அடைந்துவிட்டால், அந்தப் புகழின் நிழல் அதே பெயர்கொண்ட மற்றவர்கள் மேல் விழுந்துவிடுகிறது. 'ராமானுஜன்' என்றதும் 1729 என்ற எண் நினைவுக்கு வருகிறது. செம்புலப்பெயனீராரை உலகத்துக்குக் கொண்டுபோனவர் நினைவுக்கு வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த நிழலை விலக்கி, நால்வரையும் அவரவர் வெளிச்சத்தில் பார்க்கும் முயற்சி.

பெயரின் ஊற்று

வைணவ மரபு சொல்லும் கணக்குப்படி ராமானுஜர் பிறந்தது 1017ல், சித்திரைத் திருவாதிரையில். ஊர் ஸ்ரீபெரும்புதூர். தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி, தாய் காந்திமதி. தாய்மாமன் பெரிய திருமலை நம்பி வைத்த பெயர் இளையாழ்வார்.

காஞ்சியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் படிக்கப்போன இளைஞர், ஆசிரியரின் விளக்கங்களையே மறுத்துப் பேசினார். பிறகு அவர் குருவாகக் கொள்ள விரும்பியது திருக்கச்சி நம்பியை. நம்பி அந்தணர் அல்லர். அவரை வீட்டுக்கு அழைத்து உணவிட்டு, அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமானுஜர் ஆசைப்பட்டார். ராமானுஜர் வீடு வருவதற்குள் மனைவி நம்பி உண்ட இடத்தைக் கழுவிவிட்டுக் குளித்து வேறு சமையல் செய்துவிட்டார் என்கிறது குருபரம்பரைக் கதை. அந்த மண வாழ்க்கை நீடிக்கவில்லை, ராமானுஜர் துறவியானார்.

திருக்கோட்டியூர் நிகழ்ச்சியை அறியாத தமிழர் குறைவு. திருக்கோட்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருள் கேட்க அவர் பதினெட்டு முறை நடந்தார். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்ததைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார். தனக்கு நரகம் கிடைத்தாலும் கேட்டவர்கள் எல்லாரும் கரையேறட்டும் என்பது அவர் பதில். திருவரங்கத்தில் காவிரிக்குக் குளிக்கப் போகும்போது அந்தணச் சீடர் முதலியாண்டான் தோளைப் பற்றிக்கொண்டு போனவர், குளித்துவிட்டுத் திரும்பும்போது மல்லர் குலத்து உறங்காவில்லிதாசர் கையைப் பற்றிக்கொண்டு வந்தார் என்பதும் மரபு போற்றும் செய்தி. கர்நாடகத்து மேல்கோட்டையில், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயர் சூட்டி, விழாவில் உள்ளே வரும் உரிமை வாங்கித் தந்தார்.

இந்தக் கதைகளில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்தி என்று ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுதிய நூல்களைப் பற்றி அப்படியொரு பேச்சுக்கே இடமில்லை. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் இந்தியத் தத்துவத்தின் பெருநூல்களில் ஒன்று. உலகம் பொய்த்தோற்றம் என்ற வாதத்தை அவர் அதில் மறுத்தார். உயிர்களும் உலகமும் உண்மையானவை, அவை இறைவனின் உடல் என்று நிறுவினார். தெருவில் நிற்கும் மனிதன் மெய் என்று தத்துவத்தில் நிறுவியவர், அந்த மனிதனுக்காகக் கோயில் கதவைத் திறந்ததில் முரண் ஏதும் இல்லை.

ராமானுஜரின் ஒன்பது நூல்களும் வடமொழியில் அமைந்தவை. ஆனாலும் தமிழ் மறைக்கு அவர் செய்தது பெரிது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதும் பணியைத் தன் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் ஒப்படைத்தார். அப்படிப் பிறந்தது ஆறாயிரப்படி. பாட்டாக ஓதப்பட்டுவந்த தமிழை, வேதத்துக்கு இணையாக வைத்து விளக்க வேண்டிய நூலாக அந்தச் செயல் உயர்த்தியது. 2015ல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் மு. கருணாநிதி தொலைக்காட்சித் தொடராக எழுதத் தேர்ந்தெடுத்தது இந்த ராமானுஜரைத்தான். நாத்திகத் தலைவர் ஒருவர் மகான் ஒருவரின் கதையைச் சொல்ல முன்வந்தார் என்றால், அதற்குக் காரணம் அந்தத் திறந்த கதவு.

சன்னதித் தெருவின் கணக்கு

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். பிறந்த கிழமையிலும் வேறு சில சோதிட அமைப்புகளிலும் மகானோடு ஒற்றுமை இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய ராபர்ட் கனிகல். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அந்தத் தெருவுக்கும் வைணவ வரலாற்றுக்கும் ஓர் உறவு உண்டு. மறைந்துபோயிருந்த ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுக்க நாதமுனிகளைத் தூண்டியவை, சாரங்கபாணி கோயிலின் ஆராவமுதனைப் பற்றி நம்மாழ்வார் பாடிய பத்துப் பாட்டுகள். நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார். ஆளவந்தாரின் வழியில் வந்தவர் ராமானுஜர். பெயர் கொடுத்த மகானின் மரபு தொடங்கிய கோயில் வாசலில்தான் கணித மேதையின் திண்ணை இருந்தது.

அவருடைய வாழ்க்கை பலரும் அறிந்தது. ஜவுளிக்கடை குமாஸ்தாவின் மகன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம். 1914ல் கப்பல். 1918ல் ராயல் சொசைட்டியிலும் டிரினிட்டி கல்லூரியிலும் ஃபெலோ. 1919ல் நோயோடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ல் சென்னையில் 32 வயதில் மறைந்தார்.

அவருடைய வறுமையையும் நாமகிரித் தாயார் பக்தியையும் பேசும் அளவுக்கு, அவர் என்ன செய்தார் என்பதை நாம் பேசுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். எண் பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு கையில் அடங்காது. 200ஐப் பிரிக்கும் வழிகள் 39,72,99,90,29,388. ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. ஹார்டியும் ராமானுஜனும் 1918ல் வெளியிட்ட சூத்திரம் இந்த எண்ணை ஒவ்வொன்றாக எண்ணாமலே எட்டிப் பிடித்தது. அதற்காக அவர்கள் உருவாக்கிய வழிக்கு 'வட்ட முறை' என்று பெயர். இந்தப் பெயரைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுத்த ராமானுஜத்தின் கதையில் இது திரும்ப வருகிறது.

1916ல் அவர் எழுதிவைத்த ஓர் ஊகத்தை பெல்ஜியத்துக் கணித அறிஞர் பியேர் டெலின் 1974ல் நிரூபித்தார். 58 ஆண்டுகள் ஆயின. மரணத்துக்கு மூன்று மாதம் முன்பு ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அறிமுகப்படுத்திய 'மாக் தீட்டா' சார்புகளின் கட்டமைப்பு 2002ல்தான் தெளிவானது. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுத்த தாள்களில் 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் நிரூபணம் இல்லாமல் இருந்தன. கணிதவாதிகள் அவற்றை ஒவ்வொன்றாக நிரூபித்தார்கள். அவரை வியப்பது எளிது. அவரைப் படிப்பதற்குப் பல தலைமுறைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

கடைசி எழுத்து 'ம்'

சி.பி. ராமானுஜம் என்று ஒருவர் இருந்தார். சக்ரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம். 1938 ஜனவரி 9ல் சென்னையில் பிறந்தார். லயோலா கல்லூரியில் ஃபாதர் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் நடத்திவந்த காலம் அது. எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி போன்ற பெரும் கணித அறிஞர்களை பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தவர் அவர். ராமானுஜமும் 1957ல் 19 வயதில் அங்கே சேர்ந்தார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது எண் கோட்பாடு. எந்த எண்ணையும் குறிப்பிட்ட சில அடுக்குகளின் கூட்டாக எழுத முடியுமா என்பது வாரிங் கேள்வி எனப்படும் பழைய கேள்வி. ஜெர்மானிய மேதை சீகல் அதைச் சாதாரண எண்களைத் தாண்டி விரிவான எண் களங்களுக்குக் கொண்டுபோய், தீராத சில முடிச்சுகளை விட்டுச்சென்றிருந்தார். ராமானுஜம் அவற்றை அவிழ்த்தார். எந்த எண் களத்திலும் 54 மாறிகள் கொண்ட முப்படிச் சமன்பாட்டு வடிவம் ஒன்றுக்குப் பூஜ்யமல்லாத தீர்வு உண்டு என்று நிறுவினார். இந்த வகைக் கேள்விகளைத் தீர்க்கும் கருவி எது? ஹார்டியும் சீனிவாச ராமானுஜனும் கேம்பிரிட்ஜில் தொடங்கிவைத்த அதே வட்ட முறை. ஒரு ராமானுஜன் உருவாக்கியதை, அவர் இறந்து 18 ஆண்டுக்குப் பின் பிறந்த இன்னொரு ராமானுஜம் கையில் எடுத்து வேலை செய்தார். பெயர்ப் பொருத்தத்தைவிட ஆழமான உறவு இது.

பிறகு அவர் இயற்கணித வடிவியலுக்குத் திரும்பினார். டாடா நிறுவனத்தில் ரஷ்ய அறிஞர் ஷஃபரேவிச் பாடம் நடத்தியபோது குறிப்பெடுத்தவர் ராமானுஜம். பிழைகளைத் திருத்தி, நிரூபணங்களை நிறைவு செய்து, பாடத்தையே மேம்படுத்திக் கொடுத்தார். டேவிட் மம்ஃபோர்டின் 'அபீலியன் வெரைட்டீஸ்' அந்தத் துறையின் அடிப்படை நூல். பம்பாய் விரிவுரைகளிலிருந்து உருவான அந்தப் புத்தகத்துக்குப் பின்னாலும் ராமானுஜத்தின் உழைப்பு இருக்கிறது. பிறர் பெயரில் வரும் புத்தகத்துக்கு இவ்வளவு உழைக்கிற மனம் அறிவுலகில் அரிது.

1971ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. எந்த ஓட்டையும் இல்லாமல் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடக்கூடிய இயற்கணிதப் பரப்பு, சாதாரணத் தளமாகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை என்று ஒரு பரப்பை உருவாக்கியே காட்டினார். தளத்தை அடையாளம் காண அதன் தொலைதூர எல்லையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பரப்புக்கு இன்று 'ராமானுஜம் பரப்பு' என்று பெயர். கொடைராவின் புகழ்பெற்ற தேற்றத்தை அவர் விரிவாக்கியதில் இன்னொரு தேற்றமும் அவர் பெயரைத் தாங்குகிறது.

இத்தனைக்கும் நடுவில் மனநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1964 வாக்கில் தொடங்கிய அது விட்டுவிட்டு வந்தது. தன்னால் முன்போல் வேலை செய்ய முடியவில்லை என்ற எண்ணமும் அவரை அரித்தது. 1974 அக்டோபர் 27ல் பெங்களூரில் தன் வாழ்க்கையைத் தானே முடித்துக்கொண்டார். வயது 36. இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகம் தன் கணித நிறுவனத்தின் ஓர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் பிறந்து வளர்ந்த சென்னையில் கணித வட்டாரத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்களை எண்ணிவிடலாம். மனநோய் அறிவுக்குறைவோ மனவலிமையின்மையோ அல்ல, மருத்துவமும் அரவணைப்பும் தேவைப்படும் நோய் என்பதைச் சொல்வதற்காகவும் அவர் கதையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

சிகாகோ நூலகத்தில் குறுந்தொகை

அட்டிப்பட்டு கிருஷ்ணசாமி ராமானுஜன் 1929 மார்ச் 16ல் மைசூரில் பிறந்தார். தந்தை அட்டிப்பட்டு ஆசூரி கிருஷ்ணசாமி, மைசூர்ப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். ராமானுஜரின் தந்தை பெயரில் இருந்த அதே 'ஆசூரி' இங்கேயும் இருக்கிறது. வீட்டின் மாடியில் தந்தையோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் தாயோடும் பாட்டியோடும் தமிழ், தெருவில் கன்னடம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே பிள்ளை வளர்ந்தான். வானியலும் கற்று, சோதிடமும் பார்த்த தந்தையைப் பற்றிப் பின்னாளில் ஏ.கே. எழுதிய கட்டுரை, இந்தியச் சிந்தனையைப் பற்றிய விவாதங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆங்கில இலக்கியம் படித்துக் கொல்லம், பெல்காம், பரோடா கல்லூரிகளில் பாடம் நடத்தியவர், 1959ல் அமெரிக்கா போனார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த 1962ல், பழந்தமிழ் இலக்கணம் தேடி நூலகத்தின் அடித்தளத்துக்குப் போனவர் கையில் குறுந்தொகை கிடைத்தது. 1937ல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர், தன் மொழியின் இரண்டாயிரம் ஆண்டுச் செல்வத்தை 33 வயதில் கடல் கடந்து சென்று கண்டுபிடித்தார். தன் மரபு பிறப்பால் வந்து சேர்வதில்லை, உழைத்துத்தான் அதை அடைய வேண்டும் என்று அவர் பின்னர் எழுதினார்.

ஐந்து ஆண்டுகளில், 1967ல், குறுந்தொகைத் தேர்வு ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. சங்கக் கவிதை ஆங்கிலத்தில் கவிதையாகவே பேசிய தருணம் அது. திணை, கருப்பொருள், உள்ளுறை ஆகியவற்றை வெளிநாட்டு வாசகருக்குப் புரியவைக்க அவர் எழுதிய பின்னுரை, தமிழ் மாணவர்களுக்கும் பாடமாகும் தகுதி கொண்டது. செம்மண்ணில் பெய்த மழை போல நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் செம்புலப்பெயனீரார் பாட்டு, அவர் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் உலகை எட்டியது. விக்ரம் சந்திரா 1995ல் வெளியிட்ட தன் முதல் நாவலுக்கு அந்த மொழிபெயர்ப்பின் வரியையே தலைப்பாக வைத்தார். 1985ல் அகமும் புறமும் சேர்ந்த பெரிய தொகுப்பு வந்தது.

1981ல் வந்த நூல் நம் கதைக்கு முக்கியமானது. அது திருவாய்மொழி உள்ளிட்ட நம்மாழ்வார் பாசுரங்களின் ஆங்கில ஆக்கம். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் உரை எழுதச் சொன்ன அதே நூலை, ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து மைசூர் ராமானுஜன் ஆங்கிலம் பேசும் உலகத்துக்குத் திறந்துவிட்டார். இதற்கு முன்பே, 1973ல், கன்னட வீரசைவ வசனங்களை அவர் மொழிபெயர்த்திருந்தார். வைணவக் குடும்பத்துப் பிள்ளை, சிவனைப் பாடியவர்களிடமும் அதே ஈடுபாட்டோடு போனார். பாட்டிகள் சொன்ன நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தன் சொந்தக் கவிதைகளை எழுதினார். 1976ல் பத்மஸ்ரீ, 1983ல் மெக்ஆர்தர் நல்கை. 1993 ஜூலை 13ல் சிகாகோவில், அறுவைச் சிகிச்சைக்கான மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் 64 வயதில் இறந்தார். சாகித்ய அகாதமி விருது 1999ல், அவர் இறந்தபின் வந்தது.

ராமாயணம் எத்தனை விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஆராயும் அவருடைய கட்டுரை, வான்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. எதிர்ப்புகளுக்குப் பின் டெல்லிப் பல்கலைக்கழகம் 2011ல் அந்தக் கட்டுரையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஒரே கதைக்குப் பல வடிவம் இருப்பது தமிழருக்குப் புதிதல்ல. கம்பனைக் கொண்டாடும் நாம் அந்தக் கட்டுரையைத் துணிந்து படிக்க வேண்டும்.

இனிஷியல் ஏன் முக்கியம்?

தமிழ் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது. 'சீனிவாச' என்பது கணித மேதையின் தந்தை பெயர். 'பத்மநாபன்', 'கிருஷ்ணசாமி' ஆகியவையும் அப்படியே. ராமானுஜன் என்பது அவரவர்க்கு மட்டும் உரிய பெயர். மேற்கத்திய உலகம் அதைக் குடும்பப் பெயர் போல எடுத்துக்கொண்டது. அதனால் சூத்திரத்திலும் பரிசிலும் புத்தக அட்டையிலும் வெறும் ராமானுஜன் என்றே பதிந்தது. நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். முன்னால் நிற்கும் ஓர் எழுத்தை விட்டுவிடும்போது ஒரு மனிதரையே விட்டுவிடுகிறோம்.

நால்வரும் கிடைத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவர் ஆசிரியரை மறுத்தார். ஒருவர் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒருவர் எண்களை விட்டு வடிவங்களுக்குப் போனார். ஒருவர் மொழிக்கு மொழி பாலம் கட்டினார். முன்னோர் பெயரைக் காப்பாற்றுவது என்றால் முன்னோர் செய்ததையே திரும்பச் செய்வது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். இந்த நான்கு வாழ்க்கைகளும் அதை ஏற்கவில்லை. வாங்கிய பெயருக்குப் புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தவர்கள்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

டிசம்பர் 22 தேசிய கணித தினம். அன்று பள்ளிகளில் சீனிவாச ராமானுஜனைப் பற்றிப் பேசும் கணித ஆசிரியர்கள், சி.பி. ராமானுஜத்தைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். குறுந்தொகை நடத்தும் தமிழாசிரியர்கள், ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பில் ஒரு பாட்டையாவது வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜரை வணங்குகிறவர்கள், அவர் யாருக்காகக் கதவைத் திறந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நால்வரும் நம் மண்ணோடும் மொழியோடும் பிணைந்தவர்கள். நால்வரையும் அறிந்துகொள்ளும் கடமை நமக்கு இருக்கிறது.